பூஜைக்கு வைத்த கேசட்டுகள்

வலியசாலை வீட்டை விற்பதற்குக் கையெழுத்துப் போட்டது நான்தான். கைநாட்டு இல்லை, கையெழுத்து. ரிஜிஸ்டர் ஆபீஸில் குமாஸ்தா என் முகத்தைப் பார்த்துவிட்டு மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். நான் அதை அவர் பக்கமே திருப்பித் தள்ளிவிட்டுப் பேனாவைக் கேட்டு வாங்கினேன். மூன்றாம் வகுப்போடு நிறுத்தின படிப்புதான். ஆனாலும் என் பேரை எழுத எனக்கு யாரும் கை பிடிக்க வேண்டாம். நிதானமாக எழுதினேன். பின்னால் நின்றவர்கள் எல்லாம் காத்துக்கொண்டு நின்றார்கள். நிற்கட்டும்.

வீடு போவதில் எனக்கு வருத்தமே இல்லை. சொன்னால் யாரும் நம்புவதில்லை. மழை வந்தால் ஆறு இடத்தில் பாத்திரம் வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுக்காரர்களின் சுவர், நடுவில் ரயில் பெட்டி மாதிரி நீளமாக ஒரு வீடு. வெளிச்சம் வேண்டுமானால் ஒன்று வாசலுக்கு வரணும், இல்லாவிட்டால் கொல்லைக்குப் போகணும். மகன் விற்கலாம் என்றபோது செரி என்று நான்தான் முதலில் சொன்னேன். என் கவலையெல்லாம் கேசட்டைப் பற்றித்தான்.

அறுநூற்றுச் சொச்சம் பாட்டுக் கேசட் என்னிடம் இருந்தது. ஸ்டீல் அலமாரி நிறைய, கட்டிலுக்குக் கீழே இரண்டு டிரங்குப் பெட்டி, அதுவும் போதாமல் பிஸ்கட் டின்களில். நாற்பது வருஷமாக ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. அப்பளம் இட்டுச் சாலை பஜார் கடைகளுக்குக் கொடுத்து, அதில் வந்ததில் வாங்கினது. நகை வேண்டும், புடவை வேண்டும் என்று நான் அவரிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. அதனால் இதைப் பற்றி அவரும் என்னிடம் கேட்க முடியவில்லை. அவர் போய் வருஷம் பதினாலு ஆகிறது. அதற்கப்புறமும் வாங்கினேன், கேசட் விற்கிற கடை ஊரில் இல்லாமல் போகிற வரைக்கும்.

ஸ்ரீகாரியம் பக்கம் மகன் வாங்கின ஃப்ளாட் நாலாவது மாடி. சாமான் ஏற்றுவதற்கு ஒரு மாசம் முன்னால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது, ஏதோ கேட்கப் போகிறான் என்று.

"அம்மா, உன் ரூமிலே ஒரு தட்டு காலி வச்சிருக்கேன். ஐம்பது கேசட் கொள்ளும். நன்னாப் பாத்து ஐம்பது எடுத்துக்கோ. பாக்கியை ஆக்ரிக்காரன் கொண்டுபோகட்டும்."

ஆக்ரிக்காரன் என்றால் எங்கள் ஊரில் பழைய இரும்பும் பேப்பரும் பிளாஸ்டிக்கும் எடுக்கிற ஆள்.

"அறுநூறிலே ஐம்பதா?"

"எல்லாப் பாட்டும் போனிலே இருக்கும்மா. நீ சொல்லு, நான் போடறேன்."

சொன்னேன். போட்டான். பாடகி அவள்தான், பாட்டும் அதுதான். ஆனால் என் கேசட்டில் இரண்டாவது தடவை பல்லவி வருகிறபோது நாடா கொஞ்சம் தொய்ந்து, குரல் மூட்டுவலிக்காரி உட்காருகிற மாதிரி மெல்லக் கீழே இறங்கி மேலே வரும். அந்த இடத்தில் நானும் இறங்கி ஏறுவேன். போனில் குரல் நின்றுகொண்டே பாடினது. பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டு என் மனசுக்குள் தொடங்கிவிட்டது. போனில் சுவருக்கு அடிக்கிற பெயிண்டைப் பற்றி யாரோ பேசினார்கள். போனை அவன் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

"இது உன்னோடது. எனக்கு வேண்டாம்."

"அப்போ ஐம்பது, அம்மா. அதுக்கு மேலே ஒண்ணு கூட முடியாது. கேட்டியா?"

நான் கேசட் வாங்க ஆரம்பித்த கதையைச் சொன்னால்தான் இது புரியும். அப்போது பழவங்காடியில் கோவிலுக்கு எதிர்ச்சாரியில் ஒரு மாடியில் சின்னக் கடை இருந்தது. நமக்கு வேண்டிய பாட்டை லிஸ்ட் போட்டுக் கொடுத்தால், காலிக் கேசட்டில் பதிந்து கொடுப்பார்கள். ஒரு நாள் நல்ல மழை. குடையை மடக்கிக்கொண்டு ஏறிப் போனேன். கடைக்காரர், "லிஸ்ட் எழுதிக் கொண்டுவந்தேளா மாமி?" என்றார். நான் எங்கே எழுத? மூன்றாம் வகுப்பில் படித்ததில் மிஞ்சினது என் பேரும் பஸ்ஸின் நம்பரும்தான். அதை அவரிடம் சொல்ல மனசு வரவில்லை. கடையில் நாலைந்து ஆண்கள் வேறு நின்றார்கள். கீழே தேங்காய் உடைக்கிற சத்தம் விடாமல் கேட்டது. நான் குடையை ஓரமாகச் சாய்த்துவிட்டு, ரேடியோவில் கேட்டிருந்த ஆனந்தபைரவிப் பாட்டின் முதல் வரியைப் பாடினேன். நின்றுகொண்டு, கண்ணைத் திறந்தபடி, தொண்டையைக் கூடக் கனைக்காமல்.

கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். "இன்னும் என்னென்ன வேணும், பாடுங்கோ," என்றார். பத்துப் பாட்டின் முதல் வரியைப் பாடினேன். மறு வாரம் கேசட் தயாராக இருந்தது. அதற்கப்புறம் நான் படியேறினாலே, "பாடற மாமி வந்தாச்சு, ஸ்டூலை நகர்த்து," என்பார். லிஸ்ட் என்கிற வார்த்தையை அவர் என்னிடம் திரும்பச் சொன்னதே இல்லை.

இப்படிப் பதிந்து வாங்கினதுக்கு அட்டையில் எழுத்து இருக்காது. எழுதி இருந்தாலும் அப்போது எனக்குப் பிரயோஜனம் இல்லை. அதனால் படம் போட்டு வைத்தேன். அந்த முதல் கேசட்டுக்கு ஒரு குடை. கத்திரிக்காய் வதக்கிக்கொண்டே முதலில் கேட்டதுக்குக் கத்திரிக்காய். மகனுக்கு அம்மை போட்டிருந்தபோது வந்ததுக்கு வேப்பிலை. ரேடியோவிலிருந்து நானே பிடித்தது ஒன்று உண்டு, நடுவில் குக்கர் மூன்று தடவை விசில் அடிக்கும். அதுக்குக் குக்கர் படம்.

கடையில் அச்சடித்து வருகிற கேசட்டில் முதல் வரியெல்லாம் எழுத்தில் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டைக் கேட்பேன். பாட்டு இன்ன வார்த்தையில் தொடங்கினால் இந்தக் கிறுக்கலுக்கு இந்தச் சத்தம் என்று விரல் வைத்துப் பார்ப்பேன். தமிழ் அப்படித்தான் எனக்கு வந்தது. மலையாள எழுத்தும் பாதிக்குப் பாதி அப்படி வந்தது. நவராத்திரியில் அஷ்டமி சாயங்காலம் எல்லோரும் புத்தகத்தைச் சரஸ்வதிக்கு முன்னால் பூஜைக்கு வைப்பார்கள் இல்லையா, விஜயதசமி காலையில் எடுக்கிற வரைக்கும் அதைத் தொடக் கூடாது, படிக்கக் கூடாது. நான் வருஷா வருஷம் நாலு கேசட்டை வைப்பேன். "கேசட்டை யாராவது பூஜைக்கு வைப்பாளோ?" என்று அவர் சிரித்தார். "நீங்க படிச்ச பள்ளிக்கூடம் சத்திரத்துக்குப் பக்கத்திலே. எனக்குப் பள்ளிக்கூடம் இதாக்கும்," என்றேன். அப்புறம் சிரிக்கவில்லை.

செரி, ஐம்பதுக்கு வருகிறேன்.

முதலில் நாடா அறுந்ததைக் கழித்தேன். பதினொன்று. அடுத்தது பூசணம் பூத்தது. நம் ஊர் ஈரத்தில் எதுவும் பூக்கும். கர்க்கடக மாசத்து அடைமழையில் நான் கேசட்டை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைப்பேன், அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்று. அப்படியும் தப்பித்துப் பூத்தவை இருந்தன. அவற்றைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். பாடின. பாடுகிறதை எப்படிக் கழிக்கிறது? ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்வது என்று வைத்துக்கொண்டேன். ஒரு வாரத்தில் பதினேழு கழிந்தது. அதில் எட்டை மறுபடி உள்ளே எடுத்து வைத்தேன்.

மகன் வந்து எண்ணிப் பார்த்தான். "இந்தப் போக்கிலே போனா அடுத்த ஓணத்துக்குத்தான் தீரும். வீட்டை ஒழிச்சுக் கொடுக்க வேண்டியது விஜயதசமிக்கு, அம்மா. இடிக்கிறதுக்கு ஆள் வரப்போறான். ஞாயித்துக்கிழமை நானே உட்காரறேன்."

உட்கார்ந்தான். மாட்டுப்பொண்ணும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் எதையாவது சொல்லிச் சிரித்துக்கொண்டே இருப்பாள், கெட்ட மனசு கிடையாது. அவன் ஒவ்வொன்றாக எடுத்து, அச்சடித்ததைச் சத்தமாகப் படித்தான், எனக்குப் படிக்கத் தெரியாது என்கிற மாதிரி. அப்புறம் படம் போட்ட பெட்டிக்கு வந்தான்.

"இது என்னம்மா, கத்திரிக்காயா? வேணுமா?"

"கத்திரிக்காய் எப்பவும் வேணும். பொரிச்ச குழம்புக்கு ஆகுமே," என்றாள் மாட்டுப்பொண்.

"மோகனம். ரெண்டாம் பக்கம் புல்லாங்குழல். வை," என்றேன்.

"குடை?"

"அதைத் தொடாதே. வை."

"இது... குக்கர். விசிலோட பாட்டு. அம்மா, இதைப் போட்டா நான் எழுந்து கேஸை அணைக்கப் போயிடுவேன்," என்றாள் அவள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்ததை அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஏணியா இது?"

வாங்கிப் பார்த்தேன். ஏணிதான். இரண்டு கோடு, நடுவில் ஐந்து படி. என் கையால் போட்டதுதான். எதற்காக ஏணி? வெள்ளை அடித்தபோதா? மச்சில் ஏறினபோதா? உள்ளே என்ன பாட்டு? கேசட்டைக் கையில் அழுத்திப் பிடித்தேன். ஒன்றும் வரவில்லை.

"என்ன பாட்டும்மா?"

"அது வேணும். வச்சுடு," என்றேன்.

கேசட் விஷயத்தில் நான் சொன்ன முதல் பொய் அது. அவர்கள் கவனிக்கவில்லை. அன்றைக்கு மூன்று மணி நேரத்தில் முப்பது கூடக் கழியவில்லை. மகன் கையிலிருந்த கேசட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். "அஷ்டமி அன்னிக்கு நாலு மணிக்கு ஆக்ரிக்காரனை வரச் சொல்லப்போறேன். அதுக்குள்ளே நீ ஐம்பதைத் தனியா வச்சா உனக்கு ஐம்பது. இல்லேன்னா நான் கண்ணை மூடிண்டு ஐம்பது எடுப்பேன்." பிள்ளை மிரட்டவில்லை. களைத்துப் போய்ச் சொன்னான். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

அஷ்டமி அன்று அவர்கள் இரண்டு பேரும் ஆபீஸ் போனபிறகு அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பன்னிரண்டு மணி வரைக்கும் ஒன்றைக் கூடத் தனியாக வைக்க முடியவில்லை. எதை எடுத்தாலும் அடுத்தது என்னைப் பார்த்தது. நாலு மணிக்கு ஆள் வருவான். அப்போதுதான் ஸ்வாமி அலமாரியில் சரஸ்வதி படம் கண்ணில் பட்டது.

என் முட்டி இருக்கிற இருப்புக்கு எப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. முறத்தில் இருபது இருபதாக வைத்து இழுத்துக்கொண்டு போனேன். படத்துக்கு முன்னால் செங்கல் அடுக்குகிற மாதிரி அடுக்கினேன். டிரங்குப் பெட்டி, பிஸ்கட் டின், எதையும் விடவில்லை. உச்சியில் டேப் ரிகார்டரை வைத்தேன். மூடுவதற்குப் பட்டுத்துணி எடுத்தால் அது கைக்குட்டை மாதிரி இருந்தது. என் கூறைப் புடவையை எடுத்துப் போர்த்தினேன். ஒன்பது கஜம் இல்லையா, அத்தனையையும் மூடிற்று. சந்தனம் வைத்து, துளசி வைத்து, விளக்கேற்றி, சுண்டலுக்கு வழியில்லாமல் ஒரு கிண்ணம் சர்க்கரையை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது மணி மூன்றரை.

மகன் ஆக்ரிக்காரனோடு உள்ளே வந்தான். அலமாரி திறந்து கிடந்தது, காலியாக.

"எங்கேம்மா எல்லாம்?"

"பூஜைக்கு வச்சாச்சு."

ஸ்வாமி அலமாரிப் பக்கம் போய்ப் பார்த்தான். "அறுநூறுமா?"

"அறுநூறும்."

"சாயங்காலம் சந்தி வேளைக்கு மேலேதானே வைக்கணும்? மணி நாலு கூட ஆகலையே!"

"சரஸ்வதிக்கு வாட்ச் கிடையாது."

ஆக்ரிக்காரன் எங்கள் தெருவுக்கு வருஷக் கணக்கில் வருகிற ஆள், தலையெல்லாம் நரைத்தாச்சு. எட்டிப் பார்த்தான். விளக்கைப் பார்த்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டான். "அம்மே, பூஜ வெச்ச சாதனம் ஞான் தொடூல்ல. தசமி கழிஞ்ஞு வராம்," என்றான். பூஜைக்கு வைத்ததைத் தொட மாட்டானாம், தசமி கழிந்து வருவானாம். போய்விட்டான்.

மாட்டுப்பொண் வந்து கேள்விப்பட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அம்மா, நீங்க வக்கீலாப் போயிருக்கணும்." நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காப்பி போட்டேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைப்பு. இந்தத் தடவை அஷ்டமிக்கும் தசமிக்கும் நடுவில் ஒரு நாள் கூடுதலாக விழுந்திருந்தது. முழுசாக இரண்டு நாள் என் கையில்.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் என் கை தன் பாட்டுக்கு டேப் ரிகார்டர் இருந்த ஸ்டூலுக்குப் போயிற்று. ஸ்டூல் காலி. அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கே புரிந்தது. அவர்கள் தொடக் கூடாது என்றால் நானும் தொடக் கூடாது. கேட்கவும் கூடாது, எடுத்துப் பார்க்கவும் கூடாது, பொறுக்கவும் கூடாது. பூஜை எடுக்கிற காலையில் பத்து மணிக்கு லாரி, பதினொன்றுக்கு ஆக்ரிக்காரன். நான் சம்பாதித்ததாக நினைத்த இரண்டு நாள், நானே பூட்டி வைத்த இரண்டு நாள்.

புடவையைக் கொஞ்சம் விலக்கி நாலு எடுத்தால் யாருக்குத் தெரியும்? தெரியாது. ஆனால் எழுத்தைக் கொடுத்தவளிடம் பொய்க் கணக்குச் சொல்லுகிற தைரியம் எனக்கு இல்லை.

மனசுக்குள்ளேயே பொறுக்கிவிடலாம் என்று பலகையைப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு கேசட் முதலிலிருந்து கடைசி வரைக்கும் ஞாபகம் வந்தால் ஒரு புளியங்கொட்டை. குடைக்கு ஒன்று. கத்திரிக்காய்க்கு ஒன்று. வேப்பிலை, குக்கர். அன்று சாயங்காலம் பன்னிரண்டு கொட்டை வைத்தேன். அறுநூறு கொட்டைக்கு எங்கே போவது என்று கூட நினைத்தேன், பைத்தியக்காரி.

மறுநாள் காலையில் இருபது ஆயிற்று. மத்தியானம் முப்பது. அதற்கப்புறம் மெல்ல மெல்ல வந்தது, கடைசியில் சொட்டுகிற குழாய் மாதிரி. சில பாட்டு வந்தது, ஆனால் எந்தக் கேசட் என்று தெரியவில்லை. சில படம் வந்தது, பாட்டு வரவில்லை. ஒன்றையே இரண்டு தடவை எண்ணிவிட்டேன் என்று கொட்டையைத் திரும்ப எடுத்தேன். இரண்டாவது நாள் முழுக்க உட்கார்ந்தும் ஒன்று கூடக் கூடவில்லை. முப்பத்தேழு.

மகன் ஐம்பதுதான் என்று சொன்னபோது அவனை அரக்கன் என்று நினைத்தேன். என்னால் ஐம்பதைக் கூட நிரப்ப முடியவில்லை. அடுத்த வீட்டுக் குக்கர் சுவருக்கு அந்தப் பக்கம் விசில் அடித்தது. என்னுடைய நாற்பது வருஷம் ஒரு புடவைக்குக் கீழே இருந்தது, அதில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது. மாட்டுப்பொண் வந்து, "என்னம்மா, புளியங்கொட்டையை வச்சிண்டு பல்லாங்குழியா?" என்றாள். ஆமாம் என்றேன். இதை யாரிடம் சொல்ல? சொன்னால் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவார்கள்.

விஜயதசமி காலையில் குளித்துவிட்டு வந்து புடவையை எடுத்தேன். பூஜை எடுத்தவுடனே புத்தகமானால் ஒரு வரி படிக்க வேண்டும், கேசட்டானால் ஒன்று போட வேண்டும். குடையைப் போட்டேன். ஆனந்தபைரவி. பாதியில் மகன், "அம்மா, லாரிக்காரன் திருப்பத்துக்கு வந்தாச்சு," என்றான்.

அட்டைப் பெட்டியை எடுத்து முப்பத்தேழையும் ஒவ்வொன்றாகத் தேடி உள்ளே வைத்தேன். பாக்கிப் பதிமூன்றுக்குக் கையை எதில் வைப்பது என்று தெரியாமல் நின்றேன். மாட்டுப்பொண் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இதெல்லாம் அம்மாவுக்கு மனப்பாடமாச்சே! குளிக்கிறச்சே கூடப் பாடறேளே. தெரிஞ்சதை எதுக்குச் சுமக்கணும்? தெரியாததா நாலு எடுத்துக்கோங்கோ, புதுசாக் கேக்கலாம்."

சும்மா வேடிக்கைக்குச் சொன்னாள். எனக்கு அது சுருக்கென்று ஏறிவிட்டது. அறுநூறில் மனப்பாடம் இவ்வளவுதான் என்று கண்டுபிடித்துவிட்டாளோ என்று பயம். பயம் வந்தால் எனக்குத் தலை நிமிர்ந்துவிடும், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

"வாஸ்தவம்தான். எனக்குத் தெரிஞ்சது என் தலையிலே இருக்கு. அதை எந்த ஆக்ரிக்காரனும் எடுக்க முடியாது," என்று சொல்லி, பெட்டியை அப்படியே கவிழ்த்தேன். முப்பத்தேழும் தரையில் கொட்டினது. ஏணியை முதலில் எடுத்து வைத்தேன். அப்புறம் எது என்ன என்று எனக்குத் தெரியாததாகப் பார்த்து, மட மடவென்று ஐம்பது. பத்து நிமிஷம் கூட ஆகவில்லை. மகன் ஆச்சரியமாகப் பார்த்தான். "இவ்வளவு சுலபமா முடிச்சுட்டியே அம்மா!"

ஆக்ரிக்காரன் பதினொன்றுக்கு வந்தான். சாக்கில் அள்ளினான். குடை எந்தச் சாக்கில் போயிற்று என்று நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று கொல்லைக்குப் போய்க் கிணற்றடியைக் கழுவினேன், இடிக்கப் போகிற வீட்டுக் கிணற்றடியை.

ஃப்ளாட்டில் முதல் நாள் ஏணியைப் போட்டேன். ஒரு ஆண் குரல். நன்றாகத்தான் பாடினார். யார், எந்தக் காலத்தில், எதற்காக வாங்கினேன், ஒன்றும் தெரியவில்லை. ஏணியும் தெரியவில்லை. பாக்கி நாற்பத்தொன்பதும் அப்படித்தான். ஐம்பது விருந்தாளிகள் வந்து என் தட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. ஒருவருக்கும் என்னைத் தெரியாது.

புளியங்கொட்டை முப்பத்தேழையும் ஒரு குங்குமச் சிமிழில் போட்டுக் கொண்டுவந்திருந்தேன். தினம் காலையில் பால்கனியில் உட்கார்ந்து ஒவ்வொரு கொட்டைக்கும் ஒரு கேசட்டை நினைத்துப் பார்ப்பேன். இரண்டு வாரம் செரியாக இருந்தது. ஒரு நாள் முப்பத்தாறில் நின்றது. தூக்கம் போதவில்லை என்று நினைத்தேன். அடுத்த வாரம் முப்பத்துநாலு. தெரியாத பாட்டைக் கேட்கக் கேட்க, தெரிந்த பாட்டு நனைந்த அப்பளம் மாதிரி ஓரத்திலிருந்து கரைந்தது. கையில் கேசட் இருந்தால் போட்டுச் செரி பண்ணிக்கொள்ளலாம். கேசட் இல்லை. நானே கொட்டினேன்.

மார்கழியில் ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் ஆட்டோ பிடித்துக் கரமனைக்கு, அந்த ஆக்ரிக்காரன் கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் ஒரு பழைய பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"கேசட்டோ அம்மே? அது அப்பவே போயி. பெட்டியெல்லாம் பிளாஸ்டிக்கினு போயி. ரீல், வித்துரான்னு ஒரு ஊரிலே உள்ள ஆள் கொண்டுபோயி, வயலிலே கட்டான். கிளி வராதிருக்கான்."

என் நாடாவையெல்லாம் வயலில் கிளி விரட்டக் கட்டிவிட்டார்களாம். நான் எழுந்திருக்கவில்லை. அவனுக்கு என்ன தோன்றிற்றோ, "காத்தடிச்சா அது பாடும் அம்மே," என்றான், ஆறுதலாக.

"பாடாது. நான் கேட்டிருக்கேன். ம்ம்ம்னு இரையும், அவ்வளவுதான்," என்றேன்.

வீட்டுக்கு வந்து மகனுடைய பழைய டயரி ஒன்றை எடுத்து, மீதி இருக்கிற முதல் வரிகளை எழுத உட்கார்ந்தேன். எனக்கு எழுத்து மெல்லத்தான் வரும். ஒரு வரி எழுத அரை மணி. அதை எழுதுகிறபோது அடுத்தது காத்திருக்கிறதா, போய்விட்டதா என்று பயந்துகொண்டே எழுதினேன். இருபத்தொன்பது எழுதினேன். குடைக்கு வந்தபோது பேனா நின்றது. நடு வரி இருந்தது. முடிகிற இடம் இருந்தது. முதல் வரி இல்லை. பழவங்காடி மாடியில் நாலு ஆண்பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பாடின அந்த வரி.

மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். நாலாவது நாள் சமையலறைக்குப் போனேன். மாட்டுப்பொண் அரிசி அளந்துகொண்டிருந்தாள்.

"உன் போனிலே லிஸ்ட் எழுதாம, பாடினா கண்டுபிடிக்குமா?"

"கண்டுபிடிக்குமே! முனகினாக் கூடக் கண்டுபிடிக்கும்." கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "அம்மா என் போனைக் கேட்டுட்டா! இன்னிக்குப் பாயசம் வைக்கணும் போலிருக்கே. பாடுங்கோ."

"முதல் வரி இல்லை. நடுவிலிருந்து பாடினாப் போறுமா?"

"எங்கேருந்து வேணும்னாலும் பாடுங்கோ."

போனை என் வாய்க்கு நேரே பிடித்தாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று பாடினேன். போனில் ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி வந்தது.

"கிடைக்கலை. இன்னொரு தடவை."

பாடினேன். வட்டம் சுற்றினது. ஏதோ ஒரு சினிமாப் பாட்டைக் காட்டிற்று. அது இல்லை என்றேன்.

"இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமா."

மூன்றாவது தடவை பாடுகிறபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. முதல் தடவை பாடினது வேறே, இப்போது பாடுவது வேறே. ஆனந்தபைரவி எங்கேயோ கைவிட்டுப் போய், ஏணிக் கேசட்டில் அந்த ஆள் பாடுகிற மெட்டில் என் குரல் போய்க்கொண்டிருந்தது. நிறுத்தினேன். அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கும் தெரிந்துவிட்டது.

எப்போதும் எதையாவது சொல்லிச் சிரிக்கிற பொண். அன்றைக்குப் போனை மேடையில் கவிழ்த்து வைத்தாள். அளந்த அரிசியை மறுபடி டிரம்மில் கொட்டிவிட்டு, முதலிலிருந்து அளக்க ஆரம்பித்தாள்.